ஏழு எண்களும் ஒரு முக்கோணமும்

பலகோணம் ஒன்றின் உட்கோணங்களின் கூடுதல் எவ்வளவு என்று பள்ளி மாணவர் ஒருவரிடம் கேட்டால், "பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்து 180-ஆல் பெருக்க வேண்டும்" என்ற விடை தயக்கமின்றி வரும். ஏன் இரண்டைக் கழிக்க வேண்டும், ஏன் 180-ஆல் பெருக்க வேண்டும் என்று அடுத்து வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். சூத்திரம் மனத்தில் பதிந்திருக்கிறது. அதன் காரணம் பதியவில்லை.

இது மாணவரின் குறையன்று. மதிப்பெண் முதல் கேள்விக்கு உண்டு; இரண்டாவது கேள்வியைத் தேர்வு அநேகமாகக் கேட்பதே இல்லை. ஆனால், வடிவியல் என்ற பாடம் பள்ளியில் இடம்பெற்றிருப்பதே அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். கேள்வியே இல்லாமல் விடையை மட்டும் கற்பிப்பதனால் நாம் எதை இழக்கிறோம் என்பதை, 870 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஏழு எண்களைக் கொண்டு விளக்க முடியும். அதற்கு முன், முக்கோணத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும்.

நேர்க்கோடுகளால் அடைபடும் வடிவங்களில் மிகச் சிறியது முக்கோணம். இரு கோடுகளால் ஓர் இடத்தை அடைக்க முடியாது, மூன்று வேண்டும். எனவே, எந்தப் பலகோணத்தையும் வெட்டிக்கொண்டே போனால் இறுதியில் மிஞ்சுவது முக்கோணங்களே. வெளிநோக்கிப் பருத்த ஒரு பலகோணத்தின் ஏதேனும் ஒரு முனையில் நின்று, எட்டக்கூடிய மற்ற முனைகளுக்கெல்லாம் மூலைவிட்டங்கள் வரைந்து பாருங்கள். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகும், ஐங்கோணம் மூன்றாகும், அறுகோணம் நான்காகும். நாம் நிற்கும் முனையைத் தொடும் இரு பக்கங்களைத் தவிர, எஞ்சிய பக்கம் ஒவ்வொன்றும் ஒரு முக்கோணத்திற்கு அடிப்பக்கமாக அமைகிறது. 'இரண்டைக் கழிக்க வேண்டும்' என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இதையே வேறு வழியிலும் காணலாம். பலகோணத்தின் உள்ளே ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து எல்லா முனைகளுக்கும் கோடு இழுத்தால், பக்கத்திற்கு ஒன்றாக முக்கோணங்கள் கிடைக்கும். ஆனால், நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள 360 பாகை பலகோணத்தின் உட்கோணங்களைச் சேர்ந்ததன்று; அதை நீக்கிவிட வேண்டும். 360 என்பது இரண்டு 180. மீண்டும் அதே 'இரண்டைக் கழி'. இரு வேறு வழிகளில் சென்று ஒரே விடையை அடையும்போது மாணவருக்கு ஏற்படும் மகிழ்ச்சி, சூத்திரத்தை ஒப்பிக்கும்போது ஏற்படுவதில்லை.

முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையாவது ஏன்? தாளில் முக்கோணம் வெட்டி, அதன் மூன்று மூலைகளையும் கிழித்து அருகருகே ஒட்டினால் நேர்க்கோடு அமைவதை வகுப்பறைகளில் செய்து காட்டுவதுண்டு. நல்ல செயல்பாடுதான், ஆயினும் அது நிரூபணம் ஆகாது. கூடுதல் 179.9 பாகையாக இருந்தாலும் நம் கண் அதை நேர்க்கோடு என்றே ஏற்றுக்கொள்ளும். உச்சிமுனை வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டும் யூக்ளிடின் வழியே ஐயத்திற்கு இடமின்றி முடிவுகட்டுகிறது. கண்ணால் காண்பதற்கும் காரணத்தால் அறிவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வோம். அது மீண்டும் வரும்.

முக்கோணத்திற்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. மூன்று குச்சிகளை முனைகளில் ஆணி அடித்து இணைத்தால் கிடைக்கும் சட்டத்தை எப்படித் தள்ளினாலும் அதன் வடிவம் மாறாது. நான்கு சம நீளக் குச்சிகளை அவ்வாறு இணைத்தால், சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். பாலங்களின் இரும்புச் சட்டங்களிலும், உயர்மின் கோபுரங்களிலும், மரக் கதவின் பின்புறக் குறுக்குச் சட்டத்திலும் முக்கோணம் காணப்படுவது இதனால்தான். பக்கங்கள் முடிவானால் கோணங்களும் முடிவாகிவிடும் ஒரே பலகோணம் முக்கோணம்.

'ஒழுங்குப் பலகோணம்' என்பதன் இலக்கணத்தில் பலரும் தடுமாறுவது இவ்விடத்தில்தான். பக்கங்கள் அனைத்தும் சமம் என்று சொன்னால் முக்கோணத்திற்குப் போதும். கோணங்கள் தாமே 60 பாகையாகிவிடும். நாற்கரம் முதல் அது போதாது. கோணங்களும் சமம் என்று தனியே சொல்லியாக வேண்டும். சாய்சதுரத்திற்கு நான்கு பக்கமும் சமம், ஆனால் அது ஒழுங்கு வடிவமன்று. செவ்வகத்திற்கு நான்கு கோணமும் சமம், அதுவும் ஒழுங்கு வடிவமன்று. சமபக்க முக்கோணத்தைப் பார்த்துப் பழகிய மனம், 'பக்கம் சமமானால் போதும்' என்று மற்ற வடிவங்களுக்கும் விதி செய்துகொள்கிறது. தவறு எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சொல்லாமல், அதைத் தவறு என்று சிவப்பு மையால் அடிப்பதில் பயனில்லை.

ஒழுங்கு வடிவங்கள் எத்தனையோ இருக்க, தரையில் பதிக்கும் ஓடுகளாக ஒரே வகை ஒழுங்குப் பலகோணத்தைப் பயன்படுத்தினால் மூன்று மட்டுமே இடைவெளியின்றிப் பொருந்தும்: சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம். காரணம் எளிது. ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை நிரம்ப வேண்டும். ஆறு அறுபதுகள், நான்கு தொண்ணூறுகள், மூன்று நூற்றிருபதுகள் நிரப்பிவிடும். ஐங்கோணத்தின் கோணம் 108. மூன்றை வைத்தால் 36 பாகை இடைவெளி, நான்காவதற்கு இடமில்லை. எழுகோணம் முதல் கோணம் 120-ஐத் தாண்டிவிடுவதால் மூன்றுகூடச் சேராது. இரண்டை வைத்தால் புள்ளி நிரம்பாது. இந்த ஐந்து வரிகளில், முடிவற்ற பலகோணங்களின் வரிசை முழுவதையும் ஆராய்ந்து முடித்துவிட்டோம். வடிவியலின் வலிமை இதுவே.

இப்போது அந்த ஏழு எண்களுக்கு வருவோம். 1114-இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய 'லீலாவதி', இந்தியாவில் பல நூற்றாண்டுகள் கணிதப் பாடநூலாக விளங்கியது. அக்பரின் அவைப்புலவர் ஃபைஸி அதைப் பாரசீகத்திலும், 1817-இல் கோல்புரூக் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தனர். அந்நூலில், வட்டத்திற்குள் அமையும் ஒழுங்குப் பலகோணத்தின் பக்க நீளத்தைக் காண ஒரு விதி உண்டு. முக்கோணம் முதல் நவகோணம் வரையிலான ஏழு வடிவங்களுக்கும் முறையே 103923, 84853, 70534, 60000, 52055, 45922, 41031 என்ற ஏழு எண்களைப் பாஸ்கரர் தருகிறார். வட்டத்தின் விட்டத்தை உரிய எண்ணால் பெருக்கி, 120000-ஆல் வகுத்தால் பக்க நீளம் கிடைத்துவிடும். அதாவது, விட்டமே 120000 அலகாக இருந்தால், இந்த எண்களே பக்க நீளங்கள்.

இவற்றைச் சரிபார்ப்பது எப்படி? இங்கும் முக்கோணமே கைகொடுக்கிறது. வட்ட மையத்திலிருந்து ஒழுங்குப் பலகோணத்தின் முனைகளுக்குக் கோடுகள் வரைந்தால், ஒன்றுபோல் அமைந்த இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் பிளந்தால் செங்கோண முக்கோணம். அதன் கர்ணம் வட்டத்தின் ஆரம். மையத்திலுள்ள கோணம், 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தது. எதிர்ப்பக்கம் பலகோணப் பக்கத்தில் பாதி. ஆகவே, பக்கம் என்பது விட்டத்தை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கியதாகும். பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் இதைப் பின்தொடரலாம்.

அறுகோணத்திற்குச் சைன் அட்டவணைகூட வேண்டாம். மையக் கோணம் 60. இரு பக்கங்கள் ஆரங்கள். எனவே முக்கோணம் சமபக்க முக்கோணம். பக்கமும் ஆரமும் ஒன்றே. விட்டத்தில் பாதி 60000. பாஸ்கரரின் எண் அதுவே. சதுரத்திற்கு ஆரத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க 84853. சமபக்க முக்கோணத்திற்கு மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்க 103923. இரண்டும் முழு எண்ணளவில் துல்லியம். ஐங்கோணம் 70534, எண்கோணம் 45922, இவையும் அவ்வாறே. கணிப்பொறி இல்லாத காலத்தில் இந்தத் துல்லியம் வியப்புக்குரியது.

எழுகோணத்திற்கு வரும்போது கதை மாறுகிறது. 180-ஐ 7-ஆல் வகுத்துச் சைன் மதிப்பைக் கண்டு 120000-ஆல் பெருக்கினால் 52066 வருகிறது. நூலில் இருப்பது 52055. நவகோணத்திற்கு 20 பாகையின் சைன் மதிப்பு 41042-ஐத் தருகிறது, நூலில் 41031. இரண்டிலும் 11 அலகு குறைவு. ஏழில் ஐந்து துல்லியம். இரண்டில் மட்டும் சிறு பிழை.

பிழை எவ்வளவு சிறியது என்பதையும் கருத வேண்டும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தாளில் வரைந்தால், இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனைவிட மெல்லியது. எவ்வளவு கவனமாக வரைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 120 மீட்டர் விட்டமுள்ள திடலில் எழுகோணம் அமைக்கப் புறப்பட்டால், ஏழு பக்கங்களையும் அளந்து வட்டத்தைச் சுற்றி வந்த பிறகு தொடங்கிய இடத்திற்கு ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் முன்பாகவே நின்றுவிடுவோம். கண் காணாததைக் காரணம் காண்கிறது என்று முன்பு சொன்னது இதைத்தான்.

ஏன் குறிப்பாக ஏழும் ஒன்பதும்? இதற்கும் விளக்கம் உண்டு. முக்கோணம், சதுரம், அறுகோணம், எண்கோணம் ஆகியவற்றின் பக்கங்களைப் பிதாகரஸ் தேற்றத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, வர்க்கமூலங்களைக் கொண்டே பெறலாம். ஐங்கோணத்தின் ஒரு பக்கமும் இரு மூலைவிட்டங்களும் சேர்ந்து 36, 72, 72 பாகை கொண்ட முக்கோணமாகும். அதன் 72 பாகைக் கோணம் ஒன்றை இருசமமாகப் பிரித்தால், உள்ளே அதே வடிவில் ஒரு சிறிய முக்கோணம் தோன்றுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். ஐந்தின் வர்க்கமூலம் அதைத் தீர்த்துவைக்கும். எழுகோணத்திற்கு இவ்வாறு சமன்பாடு அமைத்தால் அது முப்படிச் சமன்பாடாகிவிடுகிறது. நவகோணத்திற்கும் அதே நிலை. அங்கு வேண்டிய 20 பாகை, 60 பாகையின் மூன்றில் ஒரு பங்கு. அந்த முப்படிச் சமன்பாடுகள் வர்க்கமூலங்களுக்கு வசப்படுவதில்லை.

அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எழுகோணத்தையோ நவகோணத்தையோ பிழையின்றி வரைய முடியாது என்பதும் இதே உண்மையின் மறுபக்கம். கிரேக்கர் காலத்திலிருந்து தீராமல் இருந்த இந்தச் சிக்கலின் முடிச்சு அவிழத் தொடங்கியது 1796-இல். அவ்வாண்டு மார்ச் 30-ஆம் நாள், பத்தொன்பது வயது நிறையாத ஜெர்மானிய இளைஞர் காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அந்த இரு கருவிகளாலேயே அமைக்க முடியும் என்று கண்டறிந்தார். எந்தெந்தப் பலகோணங்களை அமைக்கலாம் என்ற வரையறையை 1801-இல் வெளியிட்டார். மற்றவற்றை அமைக்கவே இயலாது என்பதற்கான நிரூபணத்தை 1837-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்ட்ஸெல் வெளியிட்டார். 'எனக்கு வரவில்லை' என்பதற்கும் 'எவராலும் இயலாது' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடக்க மனித குலத்திற்கு ஈராயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

பாஸ்கரரின் ஏழு எண்கள் நமக்குச் சொல்வது என்ன? நம் பண்டைய அறிவைப் பற்றிப் பேசும்போது இன்று இரு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. முன்னோர் அறியாதது எதுவுமில்லை என்பது ஒன்று; அவர்களிடம் கற்க எதுவுமில்லை என்பது மற்றொன்று. இரண்டு கூற்றுகளும் நூலைத் திறந்து பார்க்காமலேயே சொல்லத்தக்கவை. திறந்து, ஒரு செங்கோண முக்கோணத்தை வரைந்து, ஏழு எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் மாணவி இந்த இரண்டையும் சொல்லமாட்டாள். ஐந்து எண்களின் துல்லியத்தை அவள் உள்ளபடியே மதிப்பாள். இரண்டு எண்களின் பிழையையும் கூசாமல் சொல்வாள். அந்தப் பிழைக்குப் பின்னால் ஆழ்ந்த காரணம் ஒன்று ஒளிந்திருப்பதையும் அறிவாள். ஓர் அறிஞருக்குச் செய்யும் உண்மையான மரியாதை, அவர் எழுதியதைச் சரிபார்க்கும் அளவுக்குப் பொருட்படுத்துவதுதான்.

சரிபார்க்கும் இந்த உரிமை, கல்வி தரும் உரிமைகளில் முதன்மையானது. பிற பாடங்களில் மாணவர் ஆசிரியரின் சொல்லையோ நூலின் சொல்லையோ பல இடங்களில் நம்பித்தான் ஆகவேண்டும்; எல்லாவற்றையும் தாமே சோதித்துப் பார்க்க இயலாது. வடிவியலில் மட்டும் பதின்மூன்று வயதுச் சிறுமி, தன் ஆசிரியருக்கும் பாடநூலுக்கும் பாஸ்கரருக்கும் சமமாக நின்று 'இது சரி, இது தவறு' என்று சொல்லலாம். அவளுக்கு ஆதாரம் பதவியோ வயதோ அன்று, காரணம். அந்த வாய்ப்பை மனப்பாடச் சூத்திரமாகச் சுருக்கிக் கொடுப்பது, ஒரு குடிமகளுக்குரிய பயிற்சியை அவளிடமிருந்து பறிப்பதாகும். கேட்டவுடன் விடை தரும் கருவிகள் கையில் வந்துவிட்ட இக்காலத்தில், விடையைச் சோதிக்கும் திறனே மேலும் அருமையாகிறது.

இதற்குப் பெருஞ்செலவோ ஆய்வுக்கூடமோ தேவையில்லை. 1893-இல் சென்னையில் ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் டி. சுந்தரராவ் என்ற சென்னை மாகாண அரசு அதிகாரி. மழலையர் கல்வியில் பயன்பட்ட காகித மடிப்பிலிருந்து தூண்டுதல் பெற்று, அளவுகோலும் கவராயமும் இன்றி, தாளை மடித்தே வடிவியலைக் கற்பிக்கும் வழிகளை அதில் அவர் விளக்கினார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலைக் குறிப்பிட்டார். அதன் பின் 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வெளிவந்தது. சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம், நவகோணம் என்று அத்தியாயங்கள் செல்கின்றன. எழுகோணத்திற்குத் தனி அத்தியாயம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கத் தெரிந்த மாணவருக்கு, காஸ் வரை செல்லும் கதவு அங்கேயே திறந்துவிடும்.

காகித மடிப்பு எப்படி நிரூபணமாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சதுரத் தாளைச் செங்குத்தாக நடுவில் மடித்து விரியுங்கள். கீழ் இடது மூலையை அசையாமல் வைத்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி நடுக்கோட்டின் மேல் படுமாறு, மடிப்பு இடது மூலை வழியாகச் செல்லும்படி மடியுங்கள். அந்த மூலை படும் புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் இணைத்தால் சமபக்க முக்கோணம். ஏன்? மடிந்து வந்தது தாளின் அடி விளிம்பே. மடித்ததால் அதன் நீளம் மாறாது. எனவே அப்புள்ளி இடது மூலையிலிருந்து சதுரத்தின் பக்க நீளத் தொலைவில் உள்ளது. நடுக்கோட்டின் மேல் இருப்பதால் இரு மூலைகளுக்கும் சம தொலைவில் உள்ளது. மூன்று பக்கங்களும் சமம். ஒரு தாள், இரண்டு மடிப்பு, மூன்று வாக்கியம், நிரூபணம் முடிந்தது. அதே தாளில் 60 பாகையும் 30 பாகையும் கிடைத்துவிட்டன. அறுகோணமும் பன்னிரு கோணமும் அங்கிருந்து தொலைவில் இல்லை.

பாடத்திட்டத்தின் சுமையைக் கூட்ட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பலகோணப் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காமல் முக்கோணத்தில் தொடங்கலாம். தேர்வில் 'எவ்வளவு' என்று கேட்கும் ஒரு வினாவுக்குப் பதிலாக 'ஏன்' என்று கேட்கும் ஒரு வினாவை வைக்கலாம். மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதும் காரணத்திற்கு, நூலின் வாசகத்தோடு பொருந்தாவிட்டாலும், மதிப்பெண் தரலாம். லீலாவதியின் ஏழு எண்களைக் கரும்பலகையில் எழுதி, 'இவற்றில் இரண்டு தவறு, எவை?' என்று கேட்டு ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கணித மேதையின் இரு எண்களைத் திருத்திய மாணவர், பின்னாளில் தம் முன் வைக்கப்படும் எந்த எண்ணையும் எளிதில் நம்பிவிடமாட்டார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு முக்கோணம் மட்டுமே.